இடப்பக்கம் ஒடித்தால்

உப்புக் கிடங்குச் சந்துக்குள்
இடப்பக்கம் ஒடித்தால் மட்டும்
வண்டி தானாகக் கத்தும்.
வலப்பக்கம் என்றால் ஒன்றுமில்லை.
நேரே போனால் சாது.
பிடியை விட்டிருப்பேன், ஆனாலும் எகிறும்,
எண்பத்தைந்தாம் வருஷத்து ராஜ்தூத்,
முந்நூற்றைம்பது.

சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து
முதுநகருக்குள் நுழைய ஐந்தே முக்கால்.
அந்தக் கத்தலுக்கு முதலில் எழுவது
சவரிராயலு வீட்டு நாய்.
அப்புறம் எங்கள் வீட்டு விளக்கு.
வண்டியை நான் ஸ்டாண்ட் போடும்போது
குமுதவல்லி கதவைத் திறந்திருப்பாள்,
அடுப்பில் பால் ஏறியிருக்கும்.
பதினோரு வருஷமாக இப்படித்தான்.

கார்பரேட்டரையே மாற்று என்றார்கள் மஞ்சக்குப்பத்தில்.
பாண்டி பெட்ரோல் ஊற்றினால் அடங்கும் என்றான் ஒருவன்.
முள்ளோடை தாண்டிப் போய் ஊற்றினேன்.
விலைதான் அடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை டேங்கைக் கழற்றினேன்.

பிடியிலிருந்து ஒரு கேபிள் வருகிறது,
பாதி வழியில் பிரிந்து
இரண்டு கார்பரேட்டருக்கும் போகிறது.
ஆயில் பம்புக்குப் போன மூன்றாவதை
எனக்கு முந்தைய முதலாளி யாரோ பிடுங்கிவிட்டார்.
எவனோ புண்ணியவான்
ஹெட்லைட் வயரோடு சேர்த்து
கேபிளை இறுக்கிக் கட்டியிருக்கிறான்.
ஹேண்டில் இடப்பக்கம் போனால்
உறைக்கு வளைய இடமில்லை.
உள்கம்பி இழுபடுகிறது.
கீழே ஸ்லைடு மயிரளவு தூக்குகிறது.
மயிரளவு போதும் காற்றுக்கு.
நான் முறுக்கவில்லை,
என் பெயரில் யாரோ முறுக்குகிறார்கள்.

கட்டை வெட்டி எறிந்தேன்.
கேபிளைக் கழுத்துக்கு அந்தப் பக்கமாக
தொய்வாக விட்டேன்.
அதோடு எழுந்திருக்கலாம்.
கை சும்மா இருக்கவில்லை.

ஃபில்டர் ரப்பரை இழுத்துவிட்டு
இரண்டு சைக்கிள் ஸ்போக், ஒரே கனம்,
ஆளுக்கொன்றாக ஸ்லைடுக்கு அடியில் செருகினேன்.
வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.
மெல்ல முறுக்கினால்
இரண்டும் ஒன்றாகக் கவிழ வேண்டும்.
வலது விழுந்தது.
இடது, கொஞ்சம் யோசித்துவிட்டு.

லாக் நட்டைத் தளர்த்தி
இடது திருகு அரைச் சுற்று வெளியே.
இப்போது இடது முந்தியது.
கால் சுற்று உள்ளே.
உப்புக் காற்று தின்ற மரை,
பாதியில் நின்று முனகும்.
மண்ணெண்ணெய் சொட்டுவிட்டுக் காத்திருந்தேன்.
‘ரெண்டு கம்பிய வச்சிக்கினு
என்னா ஜோசியமா பாக்குற’
என்று துணி உலர்த்தப் போனாள்.
ஏழாவது தடவை
டக் என்று ஒரே சத்தம்.
அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியாகப் பிடியில் ஆட்டம்.
இரண்டு மில்லிமீட்டர்.
முறுக்கினாலும் எதுவும் நடக்காத
அந்த இரண்டு மில்லிமீட்டர் இல்லாவிட்டால்
வண்டி நிற்கும்போதும் ஓய்வதில்லை.
ஸ்டார்ட் செய்து
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை
ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தேன்.
ஒரே தாளம்.

செவ்வாய் விடிகாலை சந்தில் ஒடித்தேன்.
டிங் டிங் என்று தன்பாட்டில் வந்தது வண்டி.
நாய் ஒரு கண்ணைத் திறந்து மூடியது.
வீடு இருட்டாக இருந்தது.
கதவு தாழ்.

எரிச்சல்தான் வந்தது முதலில்.
எட்டு மணி நேரம் நின்ற கால்.
டீ வேண்டும்.
கை பிடிக்குப் போனது,
ஒரு முறுக்கு போதும், தெருவே எழும்.
ஜன்னலுக்குள் ஃபேன் கிறீச்சிட்டுச் சுற்ற
அதற்குக் கீழே அவள் மூச்சு,
லேசான குறட்டையோடு.
அவளுக்குக் குறட்டை உண்டென்று
எனக்குத் தெரியாது.

இரண்டு மில்லிமீட்டர் முறுக்கினேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
சாவியைத் திருகி அணைத்தேன்.

ஆறு ஐந்துக்கு விளக்கு எரிந்தது.
கூந்தலை முடிந்தபடி வந்தவள்
‘வந்து எவ்ளோ நேரமாச்சு’ என்றாள்.
இப்பதான் என்றேன்.
குனிந்து சைலன்சரைத் தொட்டுப் பார்த்தாள்,
முதலில் விரல் நுனியால்,
பிறகு முழுக் கையையும் வைத்து.